சின்னச் சாமியின் மாடியறை

(யூபிலி விழாவையொட்டி ஆகஸ்டு மாதம் கூடிய பங்கு மக்கள் கூட்டத்தில், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

  

யூபிலி நிதியை எதற்குச் செலவிடுவது என்று பேசத்தான் கூடியிருக்கிறோம். கோயில் முகப்பில் அலங்கார வளைவு எழுப்ப வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு வேய வேண்டும் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டும் நல்ல ஆசைகளே. நான் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல எழுந்திருக்கிறேன். அதில் அழகும் இல்லை, பெயர் பொறிக்க இடமும் இல்லை. நம் குருமனையின் மாடியறையைச் செப்பனிட வேண்டும் என்பதே அது. அந்த அறையில் குடியிருக்கும் சின்னச் சாமி இன்று கிளைக் கிராமத்துக்குப் பூசைக்குப் போயிருக்கிறார். அவர் எதிரே இருந்தால் “ஒன்றும் வேண்டாம் ஐயா, எல்லாம் வசதியாக இருக்கிறது” என்று சொல்லி என்னை உட்கார வைத்துவிடுவார். ஆகவே அவர் இல்லாத நேரம் பார்த்தே பேசுகிறேன்.

ஒரு பையன் குருவாவது என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பூந்தமல்லியிலோ திருச்சியிலோ குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்று, அதற்கு முன்னும் பின்னுமான பயிற்சிகளையும் சேர்த்தால் பத்தாண்டுக்கு மேல் ஓடிவிடும். அங்கே மணி அடித்தால் எழுவார்கள், மணி அடித்தால் உண்பார்கள். நூறு பேரோடு சேர்ந்து செபித்து, நூறு பேரோடு சேர்ந்து பந்து விளையாடியவர்கள். பிறகு திருநிலைப்பாடு. சொந்த ஊரில் முதல் திருப்பலி. வீதியெல்லாம் தோரணம், மேளம், மாலை, ஊர் முழுவதற்கும் சாப்பாடு. அம்மா அழுவார், அப்பா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இவையெல்லாம் முடிந்து சில வாரங்களில், ஒரு பெட்டியும் இரண்டு புத்தகக் கட்டுமாக அவர் முன்பின் தெரியாத ஒரு பங்கில் வந்து இறங்குகிறார். பிறந்த ஊர் பந்தல் போட்டு அனுப்புகிறது. வந்த ஊர் ஒரு சாவியைக் கையில் கொடுத்து மாடிப்படியைக் காட்டுகிறது.

அந்த அறை யாருடையது? இந்தக் கேள்வியில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது. பங்குக் குருக்கள் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மாற்றலாகிப் போகிறார்கள். உதவிக் குருக்கள் அதற்கும் குறைவாகவே இருக்கிறார்கள்; ஓராண்டு, இரண்டாண்டு. அடுத்த மே மாதம் போய்விடப் போகிறவர் கூரை ஒழுகலைப் பற்றிப் பேச மாட்டார். வருகிறவருக்கோ அது அக்டோபர் வரை தெரியாது. தெரிந்தபின் கூச்சத்தோடு ஒரு மழைக்காலத்தைக் கழிப்பார். அதற்குள் அவருக்கும் மாற்றல் வந்துவிடும். இப்படியே நாலைந்து பேர் ஒரே ஒழுகலின் கீழ்ப் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். பங்குக்கோ அப்படி ஒரு ஒழுகல் இருப்பதே தெரியாது.

சென்ற ஆண்டு மழை ஓய்ந்தபின் மின்சார வயரைப் பார்ப்பதற்காக நான் அந்த அறைக்குப் போனேன். தரையில் கட்டில் கால்களின் தடம் மூன்று இடத்தில் பதிந்திருந்தது. புத்தக அலமாரியின் உச்சியில் ஒரு அலுமினியக் குண்டான். “சாமி, இதென்ன?” என்றேன். சிரித்தார். “மழை எந்தப் பக்கம் பெய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கட்டிலை இழுத்துக்கொள்வேன்” என்றார். “ஏன் சாமி சொல்லவில்லை?” என்றதற்கு, “வந்த புதிதில் எப்படிச் சொல்வது? வீட்டைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வந்தவன் என்று பேர் வாங்கவா?” என்றார். அவர் வயதில் என் மகன் இருக்கிறான். அவன் குடியிருக்கும் வாடகை வீட்டில் குழாய் சொட்டினாலே வீட்டுக்காரரை நாலுமுறை கூப்பிடுவான். சின்னச் சாமிக்கு வீட்டுக்காரர் யார்? நாம்தானே!

இதைச் சட்டப்படியே சொல்ல முடியும். 1983-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 550-ஆம் எண், உதவிப் பங்குக்குரு பங்கிலேயே குடியிருக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அதோடு, பங்குக் குருவும் உதவிக் குருவும் குருமனையில் ஏதேனும் ஒரு வகையில் கூடி வாழும் பழக்கத்தை, இயன்ற இடங்களில் ஆயர் வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதே கருத்து இருந்தது. இங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று அவரைச் சட்டம் கட்டுகிறது என்றால், குடியிருக்கத்தக்க இடத்தைக் கொடுக்கும் கடமை யாரைக் கட்டுகிறது என்று நீங்களே யோசியுங்கள். வெளியே வேறு வீடு பார்த்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை.

“சாமியார் துறவிதானே, அவருக்கு எதற்கு வசதி?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மரியாதைக்குரியவர், பெயர் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு விஷயம். சபைத் துறவிகள்போல மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பவர்கள் அல்லர். எளிமையாக வாழும்படி சட்டம் அவர்களைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவே. எளிமை என்பது வேறு, நனைந்த மெத்தை வேறு. ஒருவன் தானாக ஏற்றுக்கொள்வது எளிமை. நம் அசட்டையால் அவன் தலையில் விழுவது எளிமை ஆகாது.

புனித ஜான் மரிய வியான்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திருநாள் இம்மாதம் 4-ஆம் நாள்தான். 1815-இல் குருப்பட்டம் பெற்று, எக்குலி என்னும் ஊரில் பலே என்ற முதிய பங்குக் குருவுக்கு உதவியாளராகத்தான் முதலில் அமர்ந்தார். அவரைப் படிக்க வைத்தவரும் அந்தப் பெரியவரே. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். தவ முயற்சியில் ஒருவரையொருவர் விஞ்சப் பார்த்து, “இவர் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்” என்று இவர் அவரைப் பற்றியும் அவர் இவரைப் பற்றியும் மேலிடத்தில் முறையிட்டார்களாம். 1817-இல் பெரியவர் இறக்கும்வரை இந்த வாழ்க்கை நீடித்தது. மறு ஆண்டு வியான்னி ஆர்ஸ் ஊருக்குப் போனார். உலகம் அறிந்த ஆர்ஸ் பங்குக்குரு உருவானது அந்த எக்குலி வீட்டில்தான் என்று நான் நினைக்கிறேன். முதல் வீட்டுக்கு அவ்வளவு வலிமை உண்டு.

கூடி வாழ்வது எப்போதும் இப்படிச் சுமுகமாக அமைவதில்லை என்பதற்கு நம் மதுரையே சாட்சி. 1606-இல் ராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது 29. அங்கே முன்பிருந்தே பணிசெய்துகொண்டிருந்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகள். வயதில் மிக மூத்தவர், ஒரு காலத்தில் போர்வீரராக இருந்தவர். இளையவரின் புதிய வழி மூத்தவருக்குப் பிடிக்கவில்லை. நொபிலி தனியே ஒரு குடிலில் போய் வாழ்ந்தார். அவர்களுக்குள் எழுந்த விவாதம் ரோமாபுரி வரை போயிற்று. நம் குருமனையில் அப்படி ஏதும் இல்லை. பங்குத்தந்தை அவர்கள் சிரிக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு அவரவர் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு இடம் வேண்டும், சேர்ந்து உண்ண ஒரு மேசையும் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அந்த இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? அரசர்கள் இரண்டாம் நூல், நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி தன் கணவனிடம் பேசி, அடிக்கடி அவ்வழியே வரும் எலிசா இறைவாக்கினருக்காக மாடியில் ஒரு சிற்றறை கட்டச் செய்தாள். அதில் அவள் வைத்தவை கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகிய நான்கே. அந்த அம்மாளின் கணக்கை நான் மிகவும் மெச்சுகிறேன். படுக்க, எழுத, உட்கார, படிக்க. இன்றைக்கு இன்னும் சில சேரும்: மின்விசிறி, கொசுவலை அடித்த ஜன்னல், பூட்டக்கூடிய அலமாரி, உள்ளேயே ஒரு குளியலறை, தடையில்லாத தண்ணீர். அதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஏனென்றால் குறைவாகக் கொடுப்பதில் இருக்கும் ஆபத்தைப் போலவே மிகுதியாகக் கொடுப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வசதி படைத்த குடும்பம் ஒன்று குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தருகிறது. இன்னொரு குடும்பம் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. மனமுவந்து தருகிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக் கல்யாணத்தின்போது நேரம் மாற்றச் சொல்லி வருவார்கள். 26 வயதுப் பிள்ளை எப்படி மறுப்பார்? எனவே எந்தப் பொருளும் பங்கின் பொருளாக, பங்குக் கணக்கில் வரட்டும். குருக்களின் இல்லம் எவருக்கும் அடைபட்டதாகத் தோன்றக்கூடாது, மிக எளியவரும் உள்ளே வரத் தயங்கக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் குருக்களைப் பற்றிய ஏட்டில் சொல்லியிருக்கிறது. பனையேறியும் மீனவத் தாயும் படியேறத் தயங்கும்படி அந்த அறையை நாமே ஆக்கிவிடக் கூடாது.

தயங்காமல் வரலாம் என்றதும், தோன்றிய நேரத்தில் மாடியேறலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வருகிறவர்களைப் பார்ப்பதற்குக் கீழே அலுவலக அறை இருக்கிறது. அதன் கதவு திறந்தே இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். குழந்தைகளானாலும் பெரியவர்களானாலும் அங்கேதான் சந்திக்க வேண்டும். மாடி அவருடைய வீடு. கட்டில் வாங்கிக் கொடுத்தவர் கட்டிலைப் பார்க்க வரக்கூடாது. இது அவருக்கும் பாதுகாப்பு, நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

இனிக் கட்டடத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குருமனையின் முன்தாழ்வாரம் மங்களூர் ஓடு. 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியவர்கள் பாசல் மிஷன் என்ற சீர்திருத்த சபையார். சபை வேறானாலும் ஓடு நமக்கும் நிழல் தந்திருக்கிறது! அதில் பெரிய கோளாறு இல்லை. உடைந்த ஓடுகளை மாற்றினால் போதும். மாடியறையின் கூரைதான் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களைப் போட்டு, அவற்றின்மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறாண்டு தாண்டியும் நிற்கும் கூரை அது.

அப்படியானால் ஏன் ஒழுகுகிறது? மேலே ஏறிப் பார்த்தேன். வேப்பஞ்சருகும் புறாக்கூடும் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கின்றன. தண்ணீர் தேங்குகிறது. கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்து வேரை உள்ளே விட்டிருக்கிறது. ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு பூச்சு சிமெண்டு பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு வெயிலுக்கும் மழைக்கும் சற்று இசைந்து கொடுக்கும். ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு இறுகிப்போய் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் மேலே வரவழியின்றி உள்ளேயே நின்று உத்தரத்தை உளுக்க வைக்கும். ஈரமான மரம் கறையானுக்கு விருந்து. ஓர் உத்தரத்தின் நுனியை விரலால் அழுத்தினேன்; மாவாக உதிர்ந்தது. அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் சின்னச் சாமியின் மேசை இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. பூசிய சிமெண்டைப் பக்குவமாகக் கொத்தி எடுக்க வேண்டும். கெட்ட உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து மாற்ற வேண்டும். அரசங்கன்றை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். தளத்தைக் குழாய்ப் பக்கம் சாய்வாக்கி, தட்டோட்டு இடுக்குகளுக்குச் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. வேலையை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் முடித்தாக வேண்டும். சுண்ணாம்பு ஆற அமரத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. கூரையில் விழும் நீரை வீணாக்காமல் கிணற்றருகே தொட்டியில் இறக்கலாம். தமிழகத்தில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கோயில் வளாகம் மட்டும் விதிவிலக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் போலும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். ஈரச் சுவரில் பழைய வயர் ஓடுகிறது. கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி மீட்டர் பெட்டியில் இல்லை. எர்த் குழி வறண்டு கிடக்கிறது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிறவர் யாரானாலும் உயிர் ஒன்றுதான். கூரைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், செலவும் அதிகமில்லை.

கழிவுத் தொட்டியும் நிரம்பியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய எவரையும் உள்ளே இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் விஷவாயு தாக்கி மனிதர் சாவதை நாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்! உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். குருமனைக்காக ஒரு கூலித் தொழிலாளியின் உயிரைப் பணயம் வைத்தோம் என்ற பழி நம் பங்குக்கு வேண்டாம்.

இவ்வளவையும் ஒருமுறை செய்துவிட்டால் முடிந்துவிடாது. பத்தாண்டில் மறுபடியும் ஒரு கிழவன் எழுந்து இதே பேச்சைப் பேச வேண்டியிருக்கும். ஆகவே நிதிக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537-ஆம் சட்டம். பொறுப்பேற்கிறவர்கள் அசையும், அசையாப் பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட வேண்டும், ஒரு படி இங்கும் ஒரு படி ஆயரகத்திலும் இருக்க வேண்டும் என்கிறது 1283. நம் பட்டியலில் கதிர்ப்பாத்திரமும் வெள்ளிக் குத்துவிளக்கும் இருக்கின்றன. மாடியறைக் கட்டில் இல்லை. அதையும் எழுதுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் இல்லப் பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள், அதைத் திருவிழா வாணவேடிக்கைக்கு எடுக்காதீர்கள். ஒரு பல்பு எரிந்துபோனால் தன் சிறிய படித்தொகையிலிருந்து சின்னச் சாமி வாங்கிப் போடும் நிலை இருக்கக்கூடாது.

வீட்டுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் திறப்போம். எந்த நாளில் என்ன பழுது, யார் சரிசெய்தார், எவ்வளவு ஆயிற்று என்று அதில் எழுதட்டும். குருக்கள் மாறினாலும் புத்தகம் மாறாது. செப்டம்பரில் ஒருமுறை, மழை ஓய்ந்து சனவரியில் ஒருமுறை, முன்கூட்டி நாள் சொல்லிவிட்டு, பேரவையில் இருவர் வந்து பார்க்க வேண்டும். பழைய சாமி போய்ப் புதிய சாமி வருவதற்கு இடையில் கிடைக்கும் அந்தச் சில நாளில் சுண்ணாம்பில் கொஞ்சம் வஜ்ஜிரமும் நீலமும் கலந்து வெள்ளையடித்துவிடலாம். வருகிறவர் முந்தைய ஆளின் எண்ணெய்த் தலை பட்ட சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டாம்.

வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளைவுக்குக் கொடுப்பதற்கு வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெயரும் பொறிக்கலாம். உள்ளூர்க்காரர்கள் கொடுத்த பணம் முதலில் உத்தரத்துக்குப் போகட்டும் என்பதே என் கோரிக்கை. பேரவை இதை ஏற்குமானால் வேலை தாமதிக்க வேண்டியதில்லை. மின் பணியாளர் வியாழக்கிழமை வரச் சம்மதித்திருக்கிறார். சுண்ணாம்புக் கொத்தனாரிடம் நான் பேசிவிட்டேன். வேலை முடியும்வரை சின்னச் சாமி கீழே விருந்தினர் அறையில் தங்கிக்கொள்ளட்டும் என்று பங்குத்தந்தை அவர்கள் அன்போடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் இளைஞர் மன்றத்திலிருந்து நாலு பேர் வாருங்கள். இரண்டு ஏணி, ஒரு தார்ப்பாய், பழைய சாக்கு கொஞ்சம் வேண்டும். மரியாயின் சேனைத் தாய்மார்கள் காபிக்கு ஏற்பாடு செய்கிறார்கள். கட்டிலையும் மேசையையும் கீழே இறக்க வேண்டும். புத்தகங்களைச் சாமியே கட்டித் தருவார். அலமாரியை மட்டும் பூட்டியது பூட்டியபடியே தூக்குங்கள்; கனமாகத்தான் இருக்கும், ஆறு பேராகப் பிடித்துக்கொள்ளுங்கள்.